பாங்கும் என் மீன் கூடையும்

போர்க்காலம். தூத்துக்குடியில் என் கணவர் வேலை பார்த்த சின்ன பாங்கு, பஞ்சுப் பொதிகளை ஈடாக வாங்கிக்கொண்டு வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்திருந்தது. பொதியை ஏற்றக் கப்பல் வரவில்லை. சரக்கு கிட்டங்கியில் பத்திரமாகத்தான் கிடந்தது. கையில் ரொக்கம்தான் குறைவு. பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் திருப்பிக் கேட்டால் பாங்கை மூட வேண்டியதுதான், அவருக்கும் வேலை போய்விடும்.

இதையெல்லாம் அவர் விளக்கமாக எழுதி பாங்கு வாசலில் ஒட்டினார். ஒருவரும் நின்று படிக்கவில்லை. படிக்கிற மாதிரி அவர் எழுதவும் இல்லை. ஊரில் ஓடிய கதைகளோ ருசியானவை. பாங்கு முதலாளி பணத்தைத் தோணியில் கொழும்புக்குக் கடத்திவிட்டார் என்றது கடற்கரை. ஆகாதவர்கள் கிளப்பிய புரளி என்றது பஜார். இரண்டு கட்சிக்கும் சாட்சி தேவைப்பட்டது. அகப்பட்டவள் நான்.

அந்த வாரம் நான் மீன் வாங்காமல் கீரையோடு நிறுத்திக்கொண்டேன். பாங்குக்காரர் வீட்டிலேயே கீரைதானாம் என்று கடற்கரைக் கட்சிக்குக் கொண்டாட்டம். என் கணவருக்குத் தட்டில் என்ன விழுகிறது என்றே அப்போது தெரியாது. ஊர்ப்பேச்சைக் கேட்டபிறகுதான், "ஏளா, நாளைக்கு நல்ல சீலா மீனா, நாலு பேரு பாக்க வாங்கு" என்றார். வாங்கினேன். "நம்ம பணத்துலல்லா சீலா திங்காவ" என்றது அதே கடற்கரை. எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் வழக்கமாக மீன் கொண்டுவரும் அக்கா கூடையை இறக்காமலே வாசலில் நின்றாள். மகள் கல்யாணத்துக்கு அவள் சேர்த்த பணமும் அந்த பாங்கில்தான் இருந்தது.

"உள்ளதச் சொல்லுளா. மீனக் கண்டா ஏன் மூஞ்சியத் திருப்புத? பாங்கு போயிட்டுதா?"

"பாங்குக்கு ஒண்ணுமில்லக்கா. எனக்குத்தான் மீன் வாடை பட்டாலே வாந்தி வருது. ரெண்டாவது மாசம்."

அவள் முகமெல்லாம் சிரிப்பாகக் கிளம்பிப் போனாள். மதியத்துக்குள் கடற்கரை, பஜார் எல்லாம் அதே பேச்சு. மசக்கைக்காரி மீன் வாங்காததற்கு நாம் ஏன் பாங்கில் போய் நிற்க வேண்டும் என்று, பணம் எடுக்கக் கூடியிருந்த கூட்டம் கலைந்துவிட்டது. கிட்டங்கியில் ஒரு பொதிகூட அசையவில்லை, ரொக்கமும் கூடவில்லை. ஆனால் இந்தக் கதை எல்லோருக்கும் புரிந்தது.

பாங்குப் பிரச்சினை தீர்ந்தபிறகு அவரிடம் சொல்லலாம் என்று நான் வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் சீக்கிரமே வந்துவிட்டார். கோபப்படப் பார்த்தார், முடியவில்லை.

"பணம் எடுக்க வந்த பெரியவர், 'தம்பி, வீட்ல விசேஷமாமே, மொதல்லயே சொல்லப்பிடாதா'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போறாரு. நான் பேந்தப் பேந்த முழிக்கேன்" என்றவர், பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏளா, இதாவது நெசந்தானா?"