காம்பஸ் ரோஜா

எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் உடனே நடக்காது. எல்லாம் ‘அப்பா பர்மனன்ட் ஆனதும்’தான். எனக்கு சைக்கிள், அம்மாவுக்கு மிக்ஸி, வீட்டுக்கு ஃபிரிட்ஜ், தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற ஒரு குளியலறை, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் வரிசையில் நின்றன. ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தார்கள். அதனால் அந்த வார்த்தையை எனக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. கிறிஸ்துமஸ் மாதிரி அதுவும் ஒரு நாள், கொஞ்சம் தாமதமாக வரும், வந்தால் எல்லோருக்கும் வரும் என்று நான்காம் வகுப்பு வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா மத்தூர்ப் பக்கத்துக்காரர். வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில், டிராயிங் ரூமில் உதவியாளாக இருந்தார். ஒரு பாகத்தின் அளவு மாறினால் புது டிராயிங் வரும். பழையதில் வட்டமாக ஒரு சிவப்பு சீல் குத்திவிடுவார்கள். சீல் குத்திய தாளை நாலாகக் கிழித்துக் குப்பைச் சாக்கில் போடுவது அப்பாவின் வேலை. அந்தத் தாளை நீங்கள் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கோடும் எண்ணுமாக இருந்தாலும் பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக, கெட்டியாக, வழவழவென்று இருக்கும். நாள் முழுக்கப் படம் வரைகிற ஒரு பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அதைக் கிழிக்க அப்பாவுக்குக் கை வரவில்லை. கடையில் விற்கிற டிராயிங் நோட்டுகூட எங்கள் வீட்டில் பர்மனன்ட் ஆனதும் வாங்க வேண்டிய சாமான்தான்.

கம்பெனி டிராயிங்கில் ஒரு துண்டுகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். கேட்டில் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஆகவே அப்பா தாள்களைச் சட்டைக்குள் முதுகோடு ஒட்டிவைத்து, அடிப்பகுதியை பேன்ட்டுக்குள் சொருகிக்கொண்டு வருவார். அன்றைக்கு மட்டும் அவர் நடையில் ஒரு மிலிட்டரி மிடுக்கு இருக்கும். தெருமுனையில் அந்த நடையைப் பார்த்ததுமே நான் ஓடிப்போய் அவர் பின்னால் நின்றுகொள்வேன். வீட்டுக்குள் வந்ததும் சட்டையைத் தூக்கி, வியர்வையில் ஒட்டியிருக்கும் தாள்களை மெதுவாக உரித்தெடுப்பது என் உரிமை. அப்பாவின் முதுகில் தாள் முளைக்கிறது என்று நம்புகிற வயதைத் தாண்டிவிட்டேன். ஆனாலும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“வேணாங்க. இந்த வருசம் பர்மனன்ட் லிஸ்ட்டு போடறாங்கன்னு நீங்கதான சொல்றீங்க? கேட்ல புடிச்சாங்கன்னா இன்னா சொல்லுவீங்க?”

“கிழிச்சிப் போடற தாளுதான? பாப்பா படம் போட்டுட்டுப் போவுது வுடு” என்பார் அப்பா.

சொல்வது அப்படிச் சொன்னாலும் அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. நோட்டுத் தைக்கும்போது அவர் கடைப்பிடித்த முறையில் அது தெரியும். ஒவ்வொரு தாளையும் கோடு போட்ட பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடிப்பார். மடிப்பு வெளியே, திறந்த விளிம்பு தையலுக்குள். கோணி ஊசியால் ஐந்து துளை, பட்டன் தைக்கிற நூலால் இறுக்கமான தையல். ஷூ டப்பாவின் அட்டைமேல் அம்மாவின் பழைய ஜாக்கெட் துணியை மைதாப் பசையில் ஒட்டினால் மேலட்டை தயார். புரட்டுகிறவர்களுக்கு வெள்ளைப் பக்கம் மட்டும்தான் கண்ணில் படும். இன்றைக்கு என்னிடம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் இதே மாதிரி மடித்துத் தைத்துவிட்டு ஆர்ட் ஜர்னல் என்கிறார்கள். ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்த முறை என்று ஒரு பையன் எனக்கே விளக்கம் சொன்னான். இருக்கலாம். எனக்குத் தெரிந்து அது கேட் செக்யூரிட்டிக்குப் பயந்த ஒரு மனிதர் கண்டுபிடித்தது.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் ‘கழிவிலிருந்து கலை’ என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். என் படநோட்டைத்தான் வைப்பது என்று முடிவு செய்தேன். தலைப்பு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘அப்பா பர்மனன்ட் ஆனதும்’. பக்கத்துக்கு ஒரு படம். ஃபிரிட்ஜ், அதைத் திறந்து பார்க்கும் பூனை. மணி வைத்த சைக்கிள். குளியலறைக் கதவு, அதில் பூட்டு மாதிரி பெரிய தாழ்ப்பாள். கடைசிப் பக்கத்தில் அப்பா. நடுப்பகலில், ஃபேனுக்கு அடியில், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். ஓவர்டைம் இல்லாத அப்பா எப்படி இருப்பார் என்று நான் யோசித்து வரைந்தது அது.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாப் பக்கத்தையும் பார்த்தபோது ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. ரோஜாப்பூ. ரோஜாத் தோட்டத்துக்காரர்கள் நிறைந்த எங்கள் ஊரில் ரோஜா இல்லாமல் ஒரு படமா? சிவப்பு ஸ்கெட்ச் பேனா வறண்டுபோயிருந்தது. அப்பா ஷிப்டில், அம்மா ரேஷன் கடையில். கட்டிலுக்கடியில் இன்னும் தைக்காத தாள்கள் ஒரு கட்டு இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் உருண்டையாக, சிவப்பாக, நடுவில் இதழ் மாதிரி நெருக்கமாக இங்கிலீஷ் எழுத்துகளோடு அந்த சீல். கத்தரித்து எடுத்து ஒரு காம்பும் இரண்டு இலையும் வரைந்தால் அசல் ரோஜா. முப்பதுக்கு மேல் கத்தரித்தேன். ஃபிரிட்ஜ்மேல் ஒரு கொத்து, சைக்கிள் கூடையில் ஒரு கொத்து, தூங்குகிற அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில்கூட இரண்டு ஒட்டினேன். காலையில் நோட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

சிறப்பு விருந்தினராக வருவதாக இருந்தவர் ஒரு டாக்டர். அவரால் வர முடியாமல் போகவே, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்த கம்பெனியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அது அப்பாவின் கம்பெனி. வந்தவர் டிராயிங் ரூமுக்கே தலைவர். கர்நாடகத்துக்காரர், ஒல்லியானவர், சட்டைப்பையில் மூன்று பேனா. பெற்றோர்கள் வரிசையில் நின்றிருந்த அப்பா அவர் உள்ளே நுழைவதைப் பார்த்ததும் மண்ணில் செய்த எரிமலை மாடலுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். பெரிய ஆட்கள் முன்னால் நிற்கக் கூச்சம்போல என்று நினைத்தேன்.

அவர் என் மேஜைக்கு வந்தார். முதல் பக்கத்தைத் திறந்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். என் ரோஜாக்களை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. அடுத்து, மடித்த தாளை மேல்பக்கம் லேசாக விரித்து, கவருக்குள் பார்க்கிற மாதிரி உள்ளே பார்த்தார்.

“உள்ள ஒண்ணும் இல்ல சார். வெறும் கோடுதான்” என்றேன்.

“ஹௌதா, அப்படியா?” என்றார். “இந்தப் பேப்பர் எங்கிருந்தும்மா வந்துச்சு?”

“எங்கப்பா முதுகுல இருந்து சார்.”

எங்கள் வகுப்பு மிஸ் சிரித்தார். பக்கத்து மேஜைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அப்பா யார் என்று கேட்டார். நான் எரிமலைப் பக்கம் கையைக் காட்டினேன். “அதோ நிக்கிறாரு பாருங்க சார். உங்க கம்பெனிதான். இன்னும் பர்மனன்ட் ஆகல.”

எரிமலைக்கு மேலே அப்பாவின் முகம் மட்டும் தெரிந்தது. அவர் வணக்கம் வைத்தார். வைத்த கையை இறக்கவே இல்லை.

அதிகாரி மற்ற பக்கங்களைப் புரட்டினார். ஃபிரிட்ஜ், பூனை, சைக்கிள், தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார். தமிழில் எழுதியிருந்த தலைப்பு என்ன என்று மிஸ்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். தூங்குகிற அப்பாவின் படத்தில் நிறைய நேரம் நின்றார்.

“இத நான் எடுத்துட்டுப் போகட்டுமா, புட்டி?” கன்னடத்தில் புட்டி என்றால் பாப்பா.

“ப்ரைஸ் குடுத்துட்டு எடுத்துக்கோங்க சார்” என்றேன். மிஸ் என் தோளைக் கிள்ளினார்.

இரண்டாம் பரிசு கொடுத்தார். எவர்சில்வர் டம்ளர். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

அப்பா சைக்கிளில் ஏற மறந்து, என்னைக் கேரியரில் உட்காரவைத்து வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். பெருமையில் பேச்சு வரவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். அந்தக் குறையைத் தீர்க்க வழியெல்லாம் நானே பேசினேன். வீட்டில் அம்மாவிடமும் நான்தான் முதலில் சொன்னேன். பெரிய சாருக்கு என் நோட்டு ரொம்பப் பிடித்துப்போய் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார், அதிலும் ரோஜாக்கள் என்றால் அவருக்கு உயிர் என்றேன். எந்த ரோஜா என்று அம்மா கேட்டாள். கட்டிலுக்கடியிலிருந்து மூலை கத்தரித்த தாள்களை எடுத்துக் காட்டினேன். அம்மா அவற்றை என் கையிலிருந்து பிடுங்கினாள். மிச்சமிருந்த அத்தனை தாளையும் வெந்நீர் அடுப்பில் வைத்தாள். வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில் நாங்கள் மூன்று பேரும் வெந்நீரில் குளித்தோம். என் தாள்கள் போனதற்காக நான் அழுத அழுகையை வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அந்த வாரம் அம்மா அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். அப்பா தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார், சாயங்காலம் சாதாரண நடையில் திரும்பி வந்தார். “கூப்டாங்களா?” என்று அம்மா கேட்பாள். “இல்ல” என்பார். வேலை போய்விட்டால் மத்தூருக்கே போய்விடலாம் என்று ஒருநாள் சொன்னார். மத்தூரில் மாமா வீட்டு ஆட்டுக்குட்டிகள் இருந்ததால் எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

வெள்ளிக்கிழமை அப்பா ஒரு பழுப்புக் கவரோடு வந்தார். சட்டைக்குள் வைத்துக்கொண்டு வரவில்லை, கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கவரின்மேல் கேட் பாஸ் குத்தியிருந்தது. ‘படநோட்டு – 1’ என்று இங்கிலீஷில் எழுதி, பெரிய சாரின் கையெழுத்து.

“பர்மனன்ட் லிஸ்ட்ல பேரு இருக்குது” என்றார் அம்மாவிடம். “டிராயிங் ரூம் வேணாம்னுட்டாரு. திங்கக்கெழமைல இருந்து பேக்கிங்.” பிறகு கவரைக் காட்டி, “அவரே உக்காந்து பண்ணியிருக்காரு. மூணு நாளா சாப்பாட்டு நேரத்துல ரூம் கதவச் சாத்திக்கினு. நான் வேற எதுக்கோன்னு நெனச்சிட்டேன்” என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் அதற்குள் கவரைப் பிரித்துவிட்டேன். மேலட்டை என்னுடையது. உள்ளே இருந்த தாள் எல்லாம் புதிது, கோடில்லாத வெறும் வெள்ளை. என் படங்களை ஒவ்வொன்றாக ஓரத்தோடு கத்தரித்து எடுத்து அதில் ஒட்டியிருந்தார். கத்தரித்ததில் பூனைக்கு மீசை போயிருந்தது. சைக்கிள் மணி பாதிதான் இருந்தது. பெரிய அநியாயம் ரோஜாக்கள்தான். என் சீல் ரோஜா ஒன்றுகூட இல்லை. அவை இருந்த இடத்திலெல்லாம் சிவப்பு மையில் காம்பஸ் வைத்து வரைந்த வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். ஒவ்வொரு பூவின் நடுவிலும் முள் குத்திய ஓட்டை. ஓட்டை வழியாகக் குறுக்கும் நெடுக்குமாக, மெஷின் படத்தில் போடுவார்களே, அந்த மையக்கோடு வேறு. காம்பெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது. எந்தச் செடியில் இப்படி ஒரு ரோஜா பூத்திருக்கிறது?

அந்த சீலில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் அப்பாவைக் கேட்டுக்கு வெளியே நிறுத்த அது போதும் என்பதும், பெரிய வேலையில் இருக்கிற ஒருவர் கத்தரிக்கோலும் பசையுமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததற்கு அர்த்தம் என்ன என்பதும், நானும் ஒரு ஆபீசில் சேர்ந்து, அடுத்தவர் தவறைக் கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள் என்று பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு வந்தது கோபம் மட்டும்தான். பென்சிலை எடுத்து, மிஸ் எங்களுக்குப் போடுவது மாதிரியே ஒவ்வொரு பூவுக்கும் பக்கத்தில் பத்துக்கு நாலு என்று மார்க் போட்டேன். அடியில் ‘படத்துக்குக் காம்பஸ் வைக்கக் கூடாது’ என்று எழுதிக் கோடும் போட்டேன்.

அப்பா வந்து எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தார், இன்னொரு பக்கம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் சேர்ந்துகொண்டாள். ஒரு வாரமாகச் சிரிக்காத இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கக்கூட முடியாமல் சிரித்தார்கள். அப்பாவுக்கு விக்கல் வந்துவிட்டது. என் மார்க் சரி என்று அவர்களும் ஒப்புக்கொண்டதில் எனக்குத் தைரியம் வந்தது. கடைசிப் பக்கத்து ரோஜா இரண்டுக்கும் இன்னும் அரை மார்க் குறைத்தேன்.