காலேஜுக்குப் பிடித்துப்போன கோட்டு

நம் பத்திரிகை ஆசிரியருக்குத் திடீரென்று ஓர் ஆசை. இந்தப் பத்தியின் தலைப்பில் என் படம் வேண்டுமாம். வாரா வாரம் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளும் உங்களுக்கு என் முகம் வேறு எதற்கு? சொன்னால் கேட்டால்தானே!

சரியென்று போன செவ்வாய்க்கிழமை பினாங்கு சூலியா தெருவில் ஆ லியோங்கின் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போனார். ஒரு கறுப்புக் கோட்டை எடுத்து வந்து நீட்டினார்.

நான் ஒரே ஓட்டமாக வெளியே வந்து ரிக்‌ஷாவில் ஏறிவிட்டேன்.

ஏன் என்கிறீர்களா? அந்தக் கோட்டு எங்கள் குடும்பத்தை ஒரு வருஷம் ஆட்டிப் படைத்த கோட்டு. சம்பந்தப்பட்ட துரைக்குத் தமிழ் தெரியாது. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

என் அக்கா மகன் செல்வம். அவன் அப்பா சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. பையன் படிப்பில் கெட்டி. சீமைக்குப் போய் பி.ஏ. படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆனால் வயசு நிற்குமா? அந்த வருஷம் இடம் கிடைக்காவிட்டால் காலேஜ்காரர்கள் வைத்திருக்கும் வயசு வரம்பைத் தாண்டிவிடுவான். அப்புறம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ரப்பர் பால் கணக்கு எழுத வேண்டியதுதான். அவனுக்கென்று தோட்டத்து ஆபீஸில் ஒரு ஸ்டூல்கூடத் தயாராகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துச் சீமையிலிருந்து ஒரு துரை வந்தார். ஏதோ ஒரு காலேஜின் சேர்க்கை அதிகாரி. அங்கே பெஞ்சுகள் காலி போலிருக்கிறது... பிள்ளை பிடிக்க ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். டவுன் ஹாலில் லெக்சர் அடித்தார். எங்கள் காலேஜில் ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியாக அறிவோம் என்றார். முடிந்ததும் செல்வத்தையும் அவன் வகுப்புத் தோழர்கள் மூவரையும் அழைத்து, தோளில் தட்டி, கை குலுக்கி, போட்டோவோடு அப்ளிகேஷன் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார்.

அந்த மூவர் யார்? ஒருவன் யூசுப், காசு மாற்றும் கடை ராவுத்தரின் மகன். மற்றவர்கள் ஒரு சீன வியாபாரியின் மகனும் ஒரு மலாய் வாத்தியாரின் மகனும்.

நாலு பேரும் ஆ லியோங்கிடம் போனார்கள். அவரிடம் இருப்பது ஒரே கோட்டு. குண்டுப் பையனுக்கு முதுகுத் தையலைப் பிரித்துவிடுவார். ஒல்லிப் பையனுக்கு முதுகில் ஊசி குத்தி இறுக்குவார். முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே உடம்பு! படம் பிடித்த பிறகு தூரிகையோடு உட்காருவார். கன்னத்தில் கொஞ்சம் வெளுப்பு, மூக்குக்குக் கொஞ்சம் நீளம், தலையில் ஒரு வகிடு... சீமைக்குப் போகிற படம் அம்சமாக இருக்க வேண்டாமா என்பது அவர் கொள்கை. பின்னால் திரையில் தெரியும் அரண்மனைப் படிக்கட்டு எல்லோருக்கும் பொது. என் அக்காவே யூசுப்பின் படத்தைத் தன் மகன் என்று எண்ணிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சீமையிலிருந்து பதில் வந்தது. ஒரே ஆள் நாலு பெயரில் அப்ளிகேஷன் போட்டிருக்கிறானாம். இது மோசடியாம். ஆனாலும் முகம் களையாக இருப்பதால், உண்மைப் பெயரைச் சொன்னால் அவனுக்கு இடம் உண்டாம். கீழே, கை குலுக்கிய அதே துரையின் கையெழுத்து!

சீனப் பையன் ஒருவன், மலாய்ப் பையன் ஒருவன், தமிழ்ப் பையன்கள் இரண்டு பேர் — எல்லோரும் ஒரே ஆளா? தூரிகையைக் குறை சொல்வதா, துரையைக் குறை சொல்வதா? நான் துரையைத்தான் சொல்வேன். தூரிகை யார் கையையும் குலுக்கவில்லை.

பத்தி எழுதுகிறவன் என்பதால் பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதலில் ஒரு தந்தி: 'நாலு பேரும் நாலு பேர்.' தந்தி ஆபீஸ் குமாஸ்தா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு நால்வரையும் எஸ்பிளனேடு கடற்கரைத் திடலில் வரிசையாக நிறுத்தி, அவரவர் உடுப்பில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். கோட்டும் கிடையாது, தூரிகையும் கிடையாது. ஆ லியோங் அழாத குறை.

அதற்கும் பதில் வந்தது. நால்வரும் நல்ல பிள்ளைகளாகத் தெரிகிறார்களாம். ஆனால் காலேஜ் தேர்ந்தெடுத்த ஆள் இவர்களில் இல்லையாம். அவரை ஏன் ஒளித்து வைக்கிறீர்கள், அவர் விஷயம் தெளிவாகும்வரை பினாங்கிலிருந்து யாருக்கும் இடமில்லை என்று முடித்திருந்தார் துரை.

செல்வம் அன்று சாப்பிடவில்லை. இல்லாத ஒருவன் வந்து, இருக்கிற பிள்ளையின் இடத்தைப் பிடித்துக்கொண்டானே!

ராவுத்தர் கடையில் கூடினோம். ராவுத்தர் நிதானமாகச் சொன்னார்:

"அந்த ஆளு இருக்கிற வரைக்கும் நம்ம பிள்ளைங்களுக்குச் சூசாதான் லா, தொல்லைதான். மௌத்தாப் போயிட்டான்னு எழுதிடுங்க, தம்பி."

அக்கா பதறிப்போனாள். "டேய், என் புள்ள படமும் அதுல இருக்குடா."

"உன் புள்ளைக்கு ஒண்ணும் இல்லக்கா. கோட்டுதான் செத்துப்போச்சு" என்றேன்.

எழுதினேன். தாங்கள் குறிப்பிட்ட நண்பர் காய்ச்சல் கண்டு காலமானார் என்று. எந்தப் பெயரை எழுதுவது? எழுதவில்லை. அவர்களும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து ஒரு தந்தி பறந்து வந்தது. காலமானவரின் நினைவாக, அவருடைய நண்பர்கள் நால்வருக்கும் இடம்!

வயசு வரம்புக்குள் தப்பித்து, செல்வம் கப்பலேறினான். அக்கா துறைமுகத்தில் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். நானும்தான்.

போய்ச் சேர்ந்ததும் அவனிடமிருந்து முதல் கடிதம். காலேஜ் சாப்பாட்டு ஹாலில் காலமான நண்பரின் படத்தைப் பெரிதாக்கி, கறுப்பு ரிப்பன் கட்டி மாட்டியிருக்கிறார்களாம். நாலு படத்தில் ஏதோ ஒன்றை எடுத்திருக்கிறார்கள். எடுத்தது செல்வத்தின் படத்தை! தினமும் அதன் கீழேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறானாம். படத்தில் இருப்பது அவன்தான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அக்காவிடம் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கறுப்பு ரிப்பனா என்று மாரியம்மன் கோயிலுக்கு ஓடி அவன் பெயரில் அர்ச்சனை செய்தாள். படத்தை உடனே கழற்றச் சொல் என்று என்னை உலுக்கி எடுத்துவிட்டாள். நானும் எழுதினேன்.

நேற்று செல்வத்தின் பதில் வந்தது. "படத்தைக் கழற்ற முடியாது, மாமா. துரைக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம். வாரம் ஒருமுறை என்னை அதன்முன் நிறுத்தி, 'அவனைப் போல் பாதியாவது இருக்கக் கூடாதா?' என்று கேட்கிறார். நானும் முயன்றுகொண்டுதான் இருக்கிறேன்."