வைரக்கண்ணுவின் ஞாபக மாத்திரை

திருவிடைமருதூர் பக்கத்தில் தர்மாம்பாளைப் பேச்சில் ஜெயித்தவர்கள் கிடையாது. வாய்க்காரி. அந்த வாயையே கட்டிப்போடுகிற நாள் ஒன்று அவளுக்கு வந்தது.

அவள் புருஷன் வைரக்கண்ணு, கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஊர் மிராசுதார் பஞ்சநதத்தின் நிலத்தைக் குத்தகைக்குச் செய்துவந்தான். எல்லாம் வாய்ப்பேச்சு. அறுப்பு முடிந்ததும் களத்திலேயே குத்தகை நெல்லை அளந்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ரசீது கேட்டால் மறுவருஷம் நிலம் இருக்காது. உழுகிறவனுக்கே உரிமை என்று மேடைக்கு மேடை முழங்கிய கட்சிகள் மாறி மாறி ஆண்டன. குத்தகைக்காரன் பேரைப் பதியச் சட்டமும் வந்தது. எந்தக் கட்சி வந்தாலும் பஞ்சநதம் அந்தக் கரை வேட்டியைக் கட்டிக்கொண்டார். வைரக்கண்ணு பேரை மட்டும் பதியவிடவில்லை.

பதியச் சொல்லி அவன் மனுக் கொடுத்த மாதமே, வரப்பில் நடந்த அடிதடியில் மண்டை பிளந்தது. உயிர் பிழைத்தான். ஆனால் அத்தனை வருஷத்து விவசாயமும் தலையிலிருந்து துடைத்துக்கொண்டு போய்விட்டது. புதிதாகச் சொன்னதும் நிற்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, “சோறு போடலையா?” என்பான்.

மனுவின் மேல் விசாரணை நெருங்கியது. பயிர் செய்தவன் தன் வாயால் சொல்ல வேண்டும். வேறு யார் சாட்சிக்கு வருவார்கள்? ஊரார் உழுவதும் பஞ்சநதத்தின் நிலம்தானே.

தஞ்சாவூர் டாக்டர் மாத்திரை எழுதினார். “அழிஞ்சுபோனது திரும்ப வராதும்மா. இனிமே சொல்றது ஓரளவு நிக்கலாம். அதுவும் எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. வாந்தி, மயக்கம் வந்தா உடனே கூட்டிட்டு வாங்க.”

வாந்தி வந்தது. தர்மாம்பாள் டாக்டரிடம் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லிவிட்டால்? குமட்டிக்கொண்டு கிடந்தவன் தலையைப் பிடித்தபடி, ‘இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்’ என்று அழுதாள். மறுநாளும் கொடுத்தாள். கொடுத்த கையோடு பாடம்: எந்த மடையில் தண்ணீர் பாய்ச்சினான், எந்தக் களத்தில் கதிர் அடித்தான், நெல் அளந்தது யார். அத்தனையும் நிஜம். கடுகளவு பொய் கிடையாது.

ஒருநாள் அவள் ஆரம்பிக்கும் முன்பே, “நெல்லு அளந்தது காத்தாயி புருஷன்தானே புள்ள?” என்றான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். ஊர்த் தெய்வங்களையெல்லாம் கும்பிட்டாள்.

விசாரணையில் வைரக்கண்ணு ஒரு சொல் தடுமாறவில்லை. பஞ்சநதத்தின் வக்கீல் எழுந்து பணிவாகக் கேட்டார். “தலையில அடிபட்டவரு, இவ்வளவும் எப்படிங்க ஞாபகம் வச்சிருக்கீங்க?”

வைரக்கண்ணு முகமெல்லாம் சிரித்தான். “மாத்திரை சாப்பிடுறேங்க. தினம் காலையில அதைக் குடுத்துட்டு, என் சம்சாரம் உக்கார வச்சு ஒண்ணொண்ணாச் சொல்லிக்குடுக்கும். இப்பல்லாம் எதுவும் மறக்கிறதில்லீங்க.”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். சொல்லிக்கொடுத்தது நான், செய்தது அவர்தான் ஐயா என்று கத்தத்தான் தர்மாம்பாள் எழுந்தாள். குரல் வரவில்லை.

வெளியே வந்ததும் வைரக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்தான். “எல்லாத்தையும் சரியாச் சொன்னேனா புள்ள?”

“சொன்னீங்க,” என்றாள். “ஒண்ணைக்கூட மறக்கலை.”