ஓரகத்தியின் புளிசாதம்

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்கு, முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. பேசும்போதும் விரல்கள் மடியில் எதையோ உடைத்துக்கொண்டே இருந்தன.

நான் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறவன். எல்லாவற்றிலும் கெட்டிக்கார நாடு ஏன் இறக்குமதி செய்யவேண்டும் என்று வகுப்பில் புரியவைக்க முடியாமல், அன்று கடுப்பாக இருந்தேன்.

"ஓரகத்தி சமையல், சாப்பிடுங்க சார்" என்று புளிசாதம் நீட்டினார்.

"நீங்க சமைக்க மாட்டீங்களாம்மா?"

"ரெண்டுலயும் அவ எனக்கு மட்டம்தான் சார். சமையல்ல கொஞ்சம் மட்டம், கொட்டை உடைக்கிறதுல ரொம்ப மட்டம். அதான் அடுப்ப அவகிட்ட விட்டுட்டு, அந்த நேரத்துலயும் நான் கொட்டை உடைக்கிறேன்."

என் ஒரு வாரப் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

சாதத்தில் உப்பு தாங்க முடியவில்லை. அவரோ கடைசிப் பருக்கை வரை ரசித்துச் சாப்பிட்டார். இறக்குமதி செய்த நாடு இப்படிச் சிரித்த முகத்தோடு சாப்பிடும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.