கழுவிய டொலரும் அண்ணர் எழுதிய உறையும்

சங்கானையில் பிறந்த எங்கள் அண்ணர் ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் கண்மூடி முப்பத்தொரு நாட்கள் ஆகின்றன. இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அவரைச் சாந்தமானவர் என்று எழுதியிருக்கிறார்கள். கூடப் பிறந்த நான் அப்படி எழுத மாட்டேன். அவர் பிடிவாதக்காரர். செத்தவீட்டில் நீங்கள் குசுகுசுத்ததும் அதைப் பற்றித்தான். உங்களில் பாதிப் பேருக்கு அகதி விண்ணப்பம் முதல் ஓய்வூதியம் வரை படிவம் நிரப்பித் தந்தவன் நான். இதையும் ஒழுங்காகவே பதிவு செய்கிறேன்.

அகதியாக வந்த அண்ணர் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவி மூன்று பிள்ளைகளை வளர்த்தார். ஓய்வு நாட்களில் பழைய பொருட் சந்தைக்குப் போய் அமெரிக்கக் காசு தேடுவார். விளிம்பில் செம்புக் கோடு தெரிந்தால் வெள்ளி இல்லையென்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருநாள் வெள்ளியின் விலைக்கு ஒரு டொலர் வாங்கிவந்தார். சமையல் தராசில் இருபத்தாறே முக்கால் கிராம், அசலின் எடை. பின்பக்கம், கழுகுக்கும் இலைவளையத்துக்கும் கீழே, எப்போதோ மூடப்பட்ட நாணயச்சாலையின் இரண்டு எழுத்துகள்; கிடைத்தற்கரிய காசு. படத்தைப் பார்த்த ஏலக்காரர் காசை நேரில் கொண்டுவரச் சொல்லி உடனே டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், தந்தார். ஏலத்தில் வரும் பணம் இளைய மகள் தொடங்கவிருந்த முடிதிருத்தும் கடைக்கு முற்பணமாகும்.

இடையில் சித்திரைப் புத்தாண்டு வந்தது. பிள்ளைகளுக்குப் புத்தாண்டுக் காசு கொடுக்கும் கைவிசேஷத் தட்டில் வைப்பதற்காக அண்ணி அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார்.

"சாமித் தட்டில கறுத்த காசு வைக்கலாமே? குத்துவிளக்கோட சேர்த்து மினுக்கினனான்."

அண்ணர் உருப்பெருக்கியால் நெடுநேரம் பார்த்தார். தேய்த்த கீறல்கள் தெரிந்தன. பழங்காசு சேர்ப்பவர் கழுவிய காசுக்கு மதிப்புத் தருவதில்லை.

"நல்லாத்தான் மினுங்குது. வாங்கின விலைக்கு இப்ப சரி" என்றார்.

அண்ணியின் தம்பிதான் வழி சொன்னார். "அவிச்ச முட்டையோட டப்பாவில மூடி வையுங்கோ அத்தான். திரும்பக் கறுத்திடும். ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டினம்."

"நான் கண்டுபிடிப்பன். பிறகு என்ர கண்ணை நான் நம்பாம விடுறதே?"

டெர்மினை ரத்துச் செய்துவிட்டு, காசை ஓர் உறையிலிட்டு, "கழுவப்பட்டது" என்று ஜேர்மன் மொழியில் எழுதினார். அடுத்த மாதமே நோயில் படுத்தார். மகளின் வாழ்வைக் கெடுத்த வறட்டுக் கௌரவம் என்றீர்கள். உறையை மாற்றினால் போதும் என்று சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே எனக்கு ஆலோசனையும் சொன்னீர்கள்.

போன கிழமை மகள் அந்தக் காசை ஏலத்துக்குக் கொடுக்க முடிவு செய்தாள். படிவத்தை நான் நிரப்பினேன். "கழுவப்பட்டதா?" என்றொரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விட்டாலும் படிவத்தை ஏற்பார்கள். எனக்கு அது தெரியும், அவளிடமும் சொன்னேன்.

"அப்பா வெறுமையா விடுவாரே, சித்தப்பா?" என்று பேனாவை வாங்கி, 'ஆம்' என்பதில் அவளே புள்ளடி போட்டாள். கடை இன்னும் இரண்டு வருடம் பொறுக்குமாம்.

இறுதிவரை அண்ணரைப் பராமரித்த தாதியருக்கும், அண்ணியைத் தினமும் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற மேல்மாடிப் போலந்துக்காரருக்கும், மலர்வளையத்தோடு வந்த பழைய சமையலறைத் தோழர்களுக்கும் எம் குடும்பத்தின் நன்றி. ஆலோசனை சொன்னவர்களுக்கும் நன்றி. காசு குறைந்த விலைக்குப் போனால் ஏன் என்று எங்களிடம் விசாரிக்க வேண்டாம். காரணத்தை அண்ணரே உறையில் எழுதி வைத்திருக்கிறார்.