பர்மா பக்கம் போன அலை

எங்கள் அண்ணனுக்கு வாழ்நாளில் முதல்முறையாகத் தன் பொறுப்பில் ஓர் உப்பளம் கிடைத்த வருஷம் அது. மரக்காணத்தில் அடுத்தவர் பாத்திகளில் உப்பு வாரி, அந்தக் கூலியில் என்னைப் படிக்க வைத்தவர். நான் பூகோள டீச்சரானேன். அவர் உப்பிலேயே நின்றார். "முதல் வாரலப் பாக்குறேன். நல்லா வந்தா குத்தகை உனக்கு. இல்லன்னா வேற ஆளு" என்று அளத்துக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மாசி முடியும்போது தண்ணீருக்கடியில் உப்பு பூத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வெயில் காய்ந்தால் கனத்துவிடும். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு களை.

அந்த நேரம் பார்த்துத்தான் என் போனில் வானிலைப் படத்தில் அந்தக் கண்றாவி தெரிந்தது. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் பெருங்காற்று, நேராக ஓடாமல் மேலும் கீழுமாக வளைந்து போகும். கோள் அலை என்று வகுப்பில் சொல்வேன். பூமி சுற்றுவதால் உண்டாவது. பெரிய மலைகளில் முட்டியும், நிலமும் கடலும் வேறுவேறாகச் சூடேறியும் இன்னும் வளைவது. ஒரு வளைவு ஒரு நாட்டையே மூடிவிடும். இந்தத் தடவை அதன் பள்ளம் வழக்கத்தைவிடத் தெற்கே இறங்கியிருந்தது. பள்ளத்துக்கு முன்பக்கம் காற்று மேலே ஏறும். கீழே வங்கக்கடல் ஈரமும் சேர்ந்தால் மழைதான்.

அண்ணனிடம் சொன்னேன். "காத்து அவ்ளோ வேகமா ஓடுதுன்ற, அலை மட்டும் ஏன் இப்படி மெதுவா நவுருது?" என்றார்.

"ஈசிஆர்ல சனிக்கிழமை சாயங்காலம் பாக்குற இல்லண்ணா? வண்டிங்க பூந்து போய்க்கிட்டே இருக்கும், நெரிசல் மட்டும் அனுமந்தை டோல்கேட்லயே நிக்கும். அந்த மாதிரிதான். ஐரோப்பா பக்கம் ஒரு வளைவு அடைச்சிக்கிட்டு நிக்குது. அதான் இதுவும் மெதுவா வருது."

"அடக் கடவுளே! ஐரோப்பால அடைச்சிக்கிட்டா இங்க நான் யாரப் போய்க் கேக்குறது?"

மெதுவாக வருவதால் நேரம் இருக்கிறது என்று நம்பினோம். மெலிசாக இருந்தாலும் பரவாயில்லை, காலையில் வாரிக் கரையேற்றிக் கீற்று போட்டு மூடிவிடலாம் என்று ஆட்களுக்குச் சொல்லியாயிற்று. விடிந்தால், பக்கத்து அளத்தில் வேலை செய்த பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் பக்கம் அளத்தில் உழைத்தவர் செத்தால், பிணம் எடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் பாத்தியில் கால் வைக்க மாட்டார்கள். அவர் மகளோ சூரத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவர் வீட்டில் ஐஸ் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனை வெளியே கூப்பிட்டேன். "நாம ரெண்டு பேராவது போய் வாரலாம்ணா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சொல்ல மாட்டாங்கதான். வாரிட்டு வந்து எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த வாசல்ல நிப்பேன்? நாளைக்கு நான் போனா எனக்கும் இப்படித்தானே நிப்பாங்க."

போனைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாகக் கிடந்தேன். அது எங்கே வருகிறது, எப்படி வருகிறது, ஏன் வருகிறது, எல்லாம் தெரிகிறது. தெரிந்து என்ன எழவு பிரயோஜனம்! என் படிப்பின் மேலேயே வெறுப்பாக இருந்தது. பெரியவர் மேல் கோபப்பட்டேன், மகள் மேல் கோபப்பட்டேன், பிறகு அவள் வந்து அப்பன் காலில் விழுந்து கதறியபோது நானும் சேர்ந்து அழுதேன்.

பாடை தெருமுனை திரும்பும்போது முதல் தூறல் விழுந்தது. ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது.

மறுநாள் மழை விட்டதும் அளத்துக்குப் போனோம். அண்ணன் பாத்தியில் இறங்கி அடியில் கைவிட்டுத் துழாவினார். சேறுதான் வந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சப்புனு இருக்குது" என்றார்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அது இப்ப எங்க இருக்குது?"

போனைப் பார்த்தேன். "பர்மா பக்கம் போயிடுச்சுண்ணா."

"அங்கயும் உப்பு போடுவாங்களா?"

"போடுவாங்கண்ணா."

"ஐயோ பாவம்" என்றார்.

வரப்பை வெட்டித் தண்ணீரை ஓடைக்குத் திறந்துவிட்டு, மண்வெட்டியைக் கழுவி என்னிடம் கொடுத்தார். அடுத்த வாரம் அந்த அளத்தை வேறொருவர் குத்தகைக்கு எடுத்துக் கூலிக்கு ஆள் கூப்பிட்டார். முதல் ஆளாக அண்ணன்தான் போனார்.