பத்தொன்பதாம் நாள் தூக்கிய மூட்டை

என் கிட்டங்கியில் (சரக்கு அடுக்கும் கிடங்கு) மிளகாய் நெடிக்குத் தும்மினேன். தும்மல் முடிவதற்குள் இடது கால் மடங்கி, அடுக்கியிருந்த சாக்குகள்மேல் சாய்ந்துவிட்டேன். இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை வெட்டி இழுத்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். முதுகுளத்தூரில் ஒற்றைத் தராசோடு தொடங்கி மூன்று கிட்டங்கி கட்டியவன். அறுபத்தாறு வயதிலும் மிளகாய் மூட்டையைத் தனி ஆளாக ஏற்றியவன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். முதுகுவலியோடு இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் அப்படித் தூக்கியிருப்பீர்கள்? ஆனாலும் வலி எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் கேளுங்கள்.

ராமநாதபுரத்தில் கைரோபிராக்டிக் (முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் சிகிச்சை) பார்க்கும் டாக்டரம்மாவிடம் என் மனைவி கூட்டிப்போனாள். ஒரே சொடக்கில் கிழவன் எழுந்து ஆடுகிற வீடியோக்களை செல்போனில் பார்த்திருந்தேன். அவற்றைப் போடுகிற அத்தனை பேர்மேலும் எனக்கு ஆத்திரம்தான். மறுநாள் அந்தக் கிழவன் எப்படி இருந்தான் என்று ஒருவனும் காட்டுவதில்லை.

டாக்டரம்மா முதலில் கையே வைக்கவில்லை. ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டு) பிதுங்கி நரம்பை லேசாகத் தொடுகிறது என்றார். பிறகு மெதுவாக அழுத்தினார். விறகு ஒடிகிற சத்தம் ஒரே ஒருமுறை கேட்டது. வாரம் இரண்டுமுறை போனேன். மூன்றாம் வாரம் வலி அடங்கியது.

"அய்யா, வலி கொறையுறது மொதக் கட்டம்தான். அடுத்து இடுப்புத் தசைக்குப் பலம் ஏத்தணும். அதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும். பெறகுதான் பழைய வேலை. அதுவரைக்கும் எதையும் குனிஞ்சு தூக்கக் கூடாது."

"வலியே இல்லைங்கிறேன், இன்னும் என்ன கட்டம்? ஒங்களுக்கு ஆள் வந்துக்கிட்டே இருக்கணும், அதானே?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"அப்படியே வச்சுக்கங்க. தூக்க மட்டும் செய்யாதீங்க."

மாசியில் புதுக்காய் வந்தது. வருசத்தின் முதல் மூட்டையை முதலாளியே லாரியில் ஏற்ற வேண்டும் என்பது எங்கள் கிட்டங்கி வழக்கம். அந்த வழக்கத்தை வைத்தவனே நான்தான். அன்று சிகிச்சையின் பத்தொன்பதாம் நாள். என் தம்பி மூட்டையிடம் குனிந்தான்.

"அண்ணே, தள்ளுங்க. இந்த வருசம் நான் ஏத்துறேன்."

"ஏலே, நான் செத்தா போனேன்? அங்கன நில்லு."

"மொதலாளிக்கு முறுக்கு கொறையல" என்று சுமை தூக்குகிறவர் ஒருவர் சிரித்தார். எனக்கு அது போதுமாயிருந்தது.

மூட்டை லாரிக்குப் போய்ச் சேர்ந்தது. நான் தரையில் கிடந்தேன். வலியைவிட வேறொன்று பயமுறுத்தியது. இடது பாதத்தை மேலே மடக்க முடியவில்லை. காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டியதும் டாக்டரம்மா அதை ஃபுட் டிராப் (நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கிப்போதல்) என்றார். இனி முதுகில் கைவைக்க மாட்டேன் என்று சொல்லி, அன்றே மதுரைக்கு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்.

என் மனைவியும் கூட வந்தாள். மதுரை ஆஸ்பத்திரி வாசலில் என் இடது செருப்பு காலைவிட்டுக் கழன்றதைப் பார்த்துச் சொன்னாள்.

"மூட்டையத் தூக்குனீகள்ல, இப்ப செருப்பத் தூக்குங்க பாப்போம்."

பாதத்தில் கொஞ்சம் பலம் மிச்சமிருப்பதால் காத்திருந்து பார்க்கலாம், மோசமானால் ஆபரேஷன் என்றார் நரம்பு டாக்டர். பாதம் திரும்புமா என்று கேட்டேன். திரும்பினாலும் மாதக்கணக்காகும், திரும்பாமலும் போகலாம் என்றார்.

இப்போது படுத்துக்கொண்டே டாக்டரம்மா சொன்ன பயிற்சிகளைச் செய்கிறேன். பக்கத்துச் சிக்கல் ஊரிலிருந்து தைலப் புட்டியோடு வந்து, நன்றாக ஏறி மிதித்தால் சரியாகிவிடும் என்றவரை வாசலோடு விரட்டினேன். வலி போனதும் குணமாகிவிட்டது என்று துள்ளுகிறவர்களையும் அப்படித்தான் விரட்டுவேன். நரம்புக்கு உங்கள் அவசரமும் தெரியாது, என் கிட்டங்கியும் தெரியாது.

சந்தை நாளை வைத்துக் காலத்தைக் கணக்கிட்டவன் நான். நேற்று காலை இடது பெருவிரல் ஒரு நெல் உயரத்துக்கு எழுந்தது. மனைவி அடுக்களையில்தான் இருந்தாள். கூப்பிடவில்லை. இன்னொருமுறை எழுகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். எழுவதற்கு மதியமாகிவிட்டது.